வெள்ளிக் காசில் ஏறிய பூசைக் கருவிகள்

அவையோருக்கு வணக்கம்.

ரோமானியரின் வெள்ளிக் காசான தெனாரியஸ், கார்த்தேஜுடன் நடந்த (வட ஆப்பிரிக்க நகர அரசு) இரண்டாம் பெரும்போரின் நடுவே, ஏறத்தாழ கி.மு. 211-இல் பிறந்தது. முன்புறத்தில் தலைக்கவசம் அணிந்த ரோமா தேவி; பின்புறத்தில் ஈட்டியேந்திக் குதிரையில் பாயும் காஸ்டர், பொல்லுக்ஸ் என்னும் இரட்டையர். ரெகில்லஸ் ஏரிப் போரில் தோன்றித் தம்மைக் காத்தவர்கள் என்று ரோமானியர் நம்பிய அவ்விருவரும், கார்த்தேஜின் படைத்தலைவன் அன்னிபால் இத்தாலி மண்ணில் நின்ற நாளில் காசில் ஏறியது தற்செயல் என்று நான் கருதவில்லை. அவர்கள் ஊர்ப் பொதுத் தெய்வங்கள். பிற்காலத்தில், காசடிக்கும் பொறுப்பேற்ற அதிகாரிகள் தத்தம் குலப்பெருமைக்குரிய தெய்வங்களையும் முன்னோரையும் அங்கே பொறிக்கலாயினர்.

பெரிய திருப்பம் ஜூலியஸ் சீசரால் வந்தது. கி.மு. 49-இல், அவர் படையுடன் இத்தாலியின் எல்லையான ரூபிகான் ஆற்றைக் கடந்த காலத்தில், வெளியிட்ட காசில் ஒரு யானை பாம்பை மிதிக்கிறது. அதன் பொருள் குறித்து அறிஞர் பலவாறு சொல்வர். எனக்கு முதன்மையாகத் தோன்றுவது மறுபுறமே. அங்கே தெய்வம் எதுவும் இல்லை. தெய்வத்துக்கு மது வார்க்கும் அகப்பை, புனித நீர் தெளிக்கும் குச்சம், பலியிடும் கோடரி, குருமார் அணியும் தொப்பி ஆகியவையே உள்ளன. கி.மு. 63 முதல் தலைமைக் குருவாக இருந்த ஒருவர், உள்நாட்டுப் போரின் வாயிலில் தம் படைவலிமைக்குப் பக்கத்தில் தம் குருத்துவத்தையும் நிறுத்திக் காட்டுகிறார். வணங்கப்படுவது இருந்த இடத்தை வழிபாட்டுக்கு உரிமையுடைய கை பிடித்துக்கொண்டது.

ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் இவ்வழியை மேலும் நயமாகத் தொடர்ந்தார். அவருடைய தத்துப் பிள்ளைகளான காயுஸும் லூசியுஸும் கேடயங்களோடு நிற்கும் காசில், அவர்களுக்கு இடையே மேற்புறத்தில், கூர்ந்து நோக்கினாலன்றிப் புலப்படாத இரு சிறு உருவங்கள் உள்ளன. ஒன்று அதே அகப்பை. அது குருவான காயுஸுக்குரியது. மற்றொன்று நுனி வளைந்த கோல்; அது பறவை நிமித்தம் பார்க்கும் லூசியுஸுக்குரியது. அரியணைக்கு வரவேண்டிய பிள்ளைகளை இவ்வாறு சமயப் பதவியோடு நாட்டுக்கு அறிமுகம் செய்தார் அகஸ்டஸ். ஆயினும் கி.பி. 2-இல் தம்பியும், 4-இல் அண்ணனும் இறந்தனர்.

இக்காசுதான், அகஸ்டஸுக்குப் பின் ஆண்ட திபேரியஸைத் தலைமைக் குரு என்று குறிக்கும் காசோடு சேர்ந்து, கொங்கு நாட்டுப் புதையல்களில் மிகுதியாகக் கிடைத்தது. அருங்காட்சியகத்தில் அதைக் காண நேர்ந்தால், கேடயங்களுக்கு மேலே உள்ள அச்சிறிய இடத்தைச் சற்று நின்று பாருங்கள்.