தாயோடு பிள்ளை
(பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் பேசியது)

அன்பான சகோதரிகளே,

போன மாதம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வீடு என்றால் ஒரே அறை. பழைய சேலையில் கட்டிய தூளி, அதில் 18 நாள் பிள்ளை. தாய்க்கு 19 வயது. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். பிறந்த வீட்டில் சேர்க்கவில்லை. பச்சை உடம்புக்காரி, அவளே தெருக்குழாயில் குடம் பிடித்துச் சுமந்து வருகிறாள். "அக்கா, இவனை எங்கேயாவது கொடுத்துடட்டுமா?" என்று கேட்டாள். கேட்கும்போதே ஒரு கை தூளியை ஆட்டிக்கொண்டிருந்தது.

பிள்ளை வேண்டாம் என்றா சொன்னாள்? மூன்று மாத வாடகை பாக்கி. அதைத்தான் அப்படிச் சொன்னாள்.

எனக்கு கேட் வாலர் பாரெட் நினைவுக்கு வந்தார். அமெரிக்காவில், ரிச்மண்ட் நகரில் ஒரு போதகரின் மனைவி. நம் பேச்சில் ஐயரம்மா. ஓர் இரவு, கல்யாணமாகாத பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே கூப்பிட்டுப் பசியாற்றி, அவள் கதையை முழுக்கக் கேட்டார். அது அவரை விடவே இல்லை. 1892-இல் மருத்துவப் பட்டம் வாங்கினார். 1893-இல் அட்லாண்டாவில் இப்படிப்பட்ட தாய்மாருக்கு இல்லம் திறந்தார். கைகொடுத்தவர் சார்லஸ் கிரிட்டென்டன் என்ற மருந்து வியாபாரி. நாலு வயதில் இறந்துபோன மகள் ஃபிளாரன்ஸின் பெயரால் 1883-லேயே நியூயார்க்கில் ஊழியம் தொடங்கியவர். அந்த இல்லங்களில் பாரெட் விடாமல் பிடித்த கொள்கை, தாயையும் பிள்ளையையும் பிரிக்கக்கூடாது என்பது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதே இல்லங்கள் பலவும் தத்துக் கொடுக்கும் பக்கம் சாய்ந்தன. வேறு வழி தெரியாமல் எத்தனையோ பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். கர்த்தருடைய பெயரால் தொடங்கின வீடுகளில் இது நடந்ததே என்று எனக்கு இன்றும் வலிக்கிறது.

தத்தெடுப்பதை நான் குறை சொல்லவில்லை. நம் நாட்டு இளஞ்சிறார் நீதிச் சட்டமே, குழந்தைகள் நலக் குழுவிடம் பிள்ளையை ஒப்படைத்த தாய்க்கு மறுபடி யோசிக்க இரண்டு மாதம் தருகிறது. சரி, அந்த இரண்டு மாதத்தில் அவள் வீட்டுப் படி ஏறுவது யார்? மிஷன் வாத்சல்யா என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் கைவிடப்பட்ட தாயின் பிள்ளைக்கு மாதம் 4000 ரூபாய் கேட்கலாம். கைப்பிள்ளையோடு அலுவலகம் ஏறி இறங்க, கூட ஆள் வேண்டும்.

அந்தத் தங்கச்சிக்கு மனு எழுதியாயிற்று. வாடகையை நம்மில் இரண்டு பேர் ஏற்றுக்கொண்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் ராத்திரி நான் போய்ப் படுத்துக்கொள்கிறேன், அவள் கொஞ்சம் தூங்கட்டும் என்று. சனிக்கிழமைக்கு யார் வருகிறீர்கள்?