முதலில் தெரிந்தவள்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடி வட்டாரத்தில் பதினெட்டு ஆண்டுகள் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருந்தவள் நான். அரசு மருத்துவமனையில் ஹெச்.ஐ.வி. இரத்தப் பரிசோதனை செய்யும் இடத்துக்குத்தான் அந்தப் பெயர். தனக்குத் தொற்று இருப்பதைக் கணவரிடம் எப்படிச் சொல்வது என்று கலங்கி என் எதிரே உட்கார்ந்த இளம் பெண்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நாள் தள்ளிப்போனதும் செவிலியரிடம் பெயரைப் பதிகிறோம், இரத்தம் எடுக்கிறார்கள். சர்க்கரை, இரத்த அளவு பார்ப்பதோடு ஹெச்.ஐ.வி.யும் பார்க்கிறார்கள். பிள்ளையைக் காப்பாற்ற அது அவசியம். ஆனால் ஆணுக்கு அப்படி ஒரு பரிசோதனை நாள் வருவதே இல்லை. அதனால் பெரும்பாலான வீடுகளில் முதலில் தெரிந்துகொள்பவள் மனைவி. உடனே வீடு என்ன சொல்கிறது? "இவள் கொண்டுவந்தாள்" என்கிறது. முதலில் யாருக்குத் தெரிந்தது என்பது வேறு, முதலில் யாருக்குத் தொற்றியது என்பது வேறு. அதை அந்தப் பரிசோதனைத் தாள் சொல்லாது. யாராலும் அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலில் 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் செய்த ஆய்வு அது. அப்போது எடுத்ததும் பெண்களின் இரத்தம்தான். பெண்களைச் சோதித்தார்கள், பெண்களிடம் கிடைத்தது. அந்தப் பழி இன்னும் நம் வீட்டு முகப்பைத் தாண்டிப் போகவில்லை.

ஒரு பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊர் வேண்டாம், பெயர் வேண்டாம். இருபத்திரண்டு வயது. ஓலைக் கொட்டான் முடைவாள். கணவர் கல்யாணச் சமையல் குழுவில் ஊர் ஊராகப் போகிறவர். மூன்றாம் மாதத்தில் தெரிந்தது. கிருமியை அடக்கும் கூட்டு மருந்தை அன்றே ஆரம்பித்துவிட்டோம். மாதத்துக்கு ஒரு வெள்ளை டப்பா, முப்பது மாத்திரை. தூக்கினால் கலகலவென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து உள்ளே பஞ்சு அடைத்தாள். டப்பாவைப் பெரிய கொட்டானில் போட்டு, மேலே சாயம் தோய்த்த ஓலையைப் பரப்பி மூடினாள். இரவு ஒன்பது மணிக்கு மாமியார் படுத்த பிறகு பின்கட்டுக்குப் போய், தண்ணீர் கூட இல்லாமல் விழுங்குவாள். மூன்று மாதம் இப்படி.

"அக்கா, சொன்னால் என்னைத்தானே கேட்பார்?" என்றாள் ஒருநாள்.

நான் "சொல்லிவிடு அம்மா" என்று அவசரப்படுத்தவில்லை. முன்பெல்லாம் அவசரப்படுத்தியிருக்கிறேன், அது தவறு என்று பட்டுத் தெரிந்துகொண்டேன். முதலில் மருந்து நிற்காமல் நடக்க வேண்டும். அடுத்து, அவர் கை நீட்டுகிறவரா, கோபம் வந்தால் போய் இருக்க உனக்கு ஓர் இடம் உண்டா என்று பார்க்க வேண்டும். பிறகுதான் பேச்சு. என் அறை பெஞ்சில் அவளைக் கணவராக உட்கார வைத்து நான் அவளாகப் பேசினேன். பிறகு இடம் மாறினோம். "எனக்கு" என்று தொடங்க அவளுக்கு வாய் வரவில்லை. கடைசியில் அவளே ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடித்தாள்: "பிள்ளைக்காக நாம் இரண்டு பேரும் இரத்தம் பார்க்க வேண்டும், வாருங்கள்."

வந்தார். இருவருக்கும் சேர்த்து ஆலோசனை, அவருக்குப் பரிசோதனை. அவருக்கும் இருந்தது. தன் பரிசோதனை முடிவையும் அவள் அங்கே வைத்துத்தான் சொன்னாள். அந்தத் தம்பி வெகுநேரம் துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றாள். "பிள்ளைக்கு?" என்றார். மருந்தை விடாமல் சாப்பிட்டால் காப்பாற்றலாம் என்றேன். அடுத்த மாதம் இரண்டு டப்பா வாங்க இருவரும் வந்தார்கள். அவளுடைய டப்பாவில் பஞ்சு இல்லை. பிள்ளைக்குப் பதினெட்டாம் மாதப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது.

எல்லாருக்கும் இப்படி நடப்பதில்லை. இன்னொரு பெண் வீடு போய்ச் சேர்வதற்குள் ஒரு மருத்துவமனை ஊழியர் சொல்லி, செய்தி அங்கே போய்விட்டது. அவள் சேலையும் தட்டும் முகப்புத் திண்ணையில் கிடந்தன. இப்படிச் செய்யக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு ஹெச்.ஐ.வி. சட்டம், 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. உன் சம்மதம் இல்லாமல் உன் நிலையை வெளியே சொல்லக் கூடாது. துணைவருக்கு ஆபத்து என்றால் மருத்துவரோ ஆலோசகரோ மட்டும், உன்னிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, அவரிடம் நேரில் தெரிவிக்கலாம். சொன்னால் பெண்ணுக்கு அடி விழும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்ற நியாயமான அச்சம் இருந்தால் அதுவும் கூடாது. பெண்ணின் பயத்தைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. நேயர்களே, மாமியார்மார்களே, ஆச்சிமார்களே, நீங்களும் ஏற்றுக்கொள்ளுங்கள். முதலில் தெரிந்தவள், முதலில் தொற்று வந்தவள் என்று ஆகிவிடாது.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004 முதல் அரசு இலவசமாகத் தருகிறது. விடாமல் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்த நிலை தொடர்ந்தால் உடலுறவு வழியாகத் துணைவருக்குத் தொற்றாது. சொல்லப் போகும் பெண் இதைத் தெரிந்துகொண்டு போனால் குரல் நடுங்காது.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். பெண் பார்க்க வருவதற்கு முன் தெரிந்துகொண்ட, கல்யாணம் ஆகாத பிள்ளைகளைப் பற்றித் தனியாகப் பேச எண்ணியிருந்தேன். அவர்களுக்கு இதை மட்டும் சொல்கிறேன்: நிச்சயத்துக்கு முன், தனியாக அல்ல, ஆலோசகரை வைத்துக்கொண்டு பேசுங்கள். 1097 என்ற ஹெச்.ஐ.வி. உதவி எண்ணுக்குக் கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை. வணக்கம்.