ஒரு நாள் பேர்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம். மதியத் தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு லயன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருப்பவர்களுக்கும், கேத்திப் பக்கம் கேரட் கழுவும் இடத்தில் ரேடியோவை ஓடவிட்டு வேலை செய்கிறவர்களுக்கும் தனியாக ஒரு வணக்கம்.

பல்கலைக்கழக நிர்வாகத்தில் என் அனுபவத்தைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தாவரவியல் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். துறைத் தலைவர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், கடைசியில் பதிவாளர் என்று போனது என் வேலை. இந்தப் பதவிப் பெயர்கள் உங்களுக்குத் தூரமாகத் தோன்றலாம். ஆனால் உங்கள் வீட்டு பீரோவிலும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். அதில் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாம் இருக்கும். அந்த ஃபைலுக்குள் வந்து சேரும் காகிதத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். என் இத்தனை வருட வேலையில் மனதுக்கு மிக நெருக்கமானது அதுதான்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, இந்த மலைக்கு வந்தோம். எங்களைப் போன்றவர்களுக்காக 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில், அதாவது இன்றைய டான்டீயில், அப்பாவும் அம்மாவும் வேலைக்குச் சேர்ந்தார்கள். நான் படித்தது ஊட்டி அரசு கலைக் கல்லூரி. கலெக்டர் சலிவன் கட்டிய கல் பங்களா வளாகத்தில் இருக்கிறதே, அதேதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அப்போது நான் சமவெளியில் ஒரு பல்கலைக்கழகத்தில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். அலுவலகப் படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சள் துணிப்பை. நான் இறங்கி வருவதைப் பார்த்து எழுந்தாள். கையை நீட்டிக் காகிதத்தைக் கொடுத்தபோதுதான் விரல்களைப் பார்த்தேன். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரேகை முழுக்கக் கறுத்த கோடுகள். கொழுந்துக் கறை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. என் அம்மாவின் விரல் கடைசி வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

"எந்த டிவிஷன் புள்ள?" என்று கேட்டேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது. டிவிஷன் என்றால் தேயிலைத் தோட்டத்தின் ஒரு பிரிவு.

அவள் திகைத்துப்போய், "கொளப்பள்ளி மேடம்" என்றாள்.

கொளப்பள்ளி பந்தலூர்ப் பக்கம். அங்கிருந்து கூடலூர், நடுவட்டம், பைக்காரா வழியாக ஊட்டி. ஊட்டியிலிருந்து குன்னூர், பர்லியாறு தாண்டி மேட்டுப்பாளையம். அங்கே ராத்திரி பஸ் பிடித்தால் விடியற்காலையில் எங்கள் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. தமிழ் தேறியிருந்தாள். பி.எட். சேர வேண்டும். பட்டியலில் அப்பா இனிஷியல் 'எம்' என்பதற்குப் பதில் 'என்' என்று அச்சாகியிருந்தது. ஒரே ஒரு எழுத்துதான். அதற்காக இது மூன்றாவது தடவையாக வந்திருக்கிறாள். முதல் தடவை, சலான் கட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். இரண்டாவது தடவை, பிரிவு அலுவலர் விடுப்பு. அன்றைக்கு ஃபைல் மேலே போயிருக்கிறது, நாளைக்கு வா என்றிருக்கிறார்கள்.

"நாளைக்கு வாங்கிட்டுப் போயேன்" என்று நானும் சொன்னேன். அவள் சொன்னாள்: "நாளைக்கும் இருந்தா இன்னொரு நாள் பேரு போயிரும் மேடம்."

நேயர்களில் தோட்டத்துக்காரர்களுக்கு இது சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் போனால் செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், பேர் விழும். பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். பாதி நாள் என்றால் அரைப்பேர். ஆக, காகிதத்தில் பேரைத் திருத்த வந்தவளுக்குத் தோட்டத்தில் பேர் போய்க்கொண்டிருந்தது. மூன்று பயணத்துக்கு எத்தனை நாள் பேர், எத்தனை பஸ் காசு என்று கணக்குப் பார்த்தேன். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அறைக்குத் திரும்பிப் போய் ஃபைலைத் தேடி எடுக்கச் சொன்னேன். ஏழு மேசை தாண்டி வர வேண்டிய ஃபைல் அது. நாலாவது மேசையில், ஒரு டீ டம்ளர் வட்டத்தோடு கிடந்தது. ராத்திரி எட்டு மணிக்குத் திருத்திய பட்டியலை அவள் கையில் கொடுத்தோம்.

அந்த ஒருத்திக்கு முடிந்துவிட்டது. மற்றவர்களுக்கு? திருத்தம் கேட்டு ஆள் நேரில் வரவே வேண்டாம், தபால் போதும் என்று ஒரு விதி கொண்டுவர முயன்றேன். ஆள் மாறாட்டம் நடக்கும் என்றார்கள். அதில் நியாயம் இருந்தது, அப்படி நடந்தும் இருக்கிறது. ஆகவே பத்தாம் வகுப்புச் சான்றிதழ் நகலில் தலைமையாசிரியரின் சான்றொப்பம் வேண்டும் என்று சேர்த்தோம். ஆட்சிக் குழுவில் நிறைவேற 11 மாதம் ஆனது. என் பணிக்காலத்தில் நான் செய்த பெரிய காரியம் எது என்று யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

நம் துணைவேந்தர்களில் நான் பெரிதும் மதிக்கிறவர்களைப் பாருங்கள். மு. வரதராசனார் 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார். அவர் வேலையைத் தொடங்கியது தாலுகா அலுவலக எழுத்தராக. 1969-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த நெ.து. சுந்தரவடிவேலு, காமராசர் காலத்தில் பள்ளி மதிய உணவை ஊர் ஊராகக் கொண்டுபோன கல்வித் துறை அதிகாரி. மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவரின் பசியும் அலைச்சலும் தெரிந்தவர்கள் இவர்கள். அந்தத் தெரிதல் இல்லாமல் எத்தனை ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தாலும் அந்த நாற்காலிக்குப் போதாது என்பது என் திடமான எண்ணம்.

காலமும் வேண்டும். சென்னையில் லட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை 27 வருடம் துணைவேந்தர். இன்றைக்கு நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் பதவிக்காலம் மூன்று வருடம். ஒரு பி.ஏ. படிக்கிற காலம் அது. முதலாண்டுப் பிள்ளைகளோடு உள்ளே வருகிறவர், அவர்களோடு வெளியே போய்விடுகிறார். அந்தப் பிள்ளைகளின் பட்டத்தில் பெரும்பாலும் அடுத்தவர் கையெழுத்துத்தான் இருக்கும். 27 வருடம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஐந்து வருடமாவது கொடுத்தால் தொடங்கின காரியத்தை முடிக்கலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. 1984-ல் கொடைக்கானலில் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் பற்றியும், மலையில் ஒரு பல்கலைக்கழகம் இருப்பதால் என்ன நன்மை என்பது பற்றியும் குறிப்பெடுத்து வந்திருந்தேன். இன்னொரு நாள் அழைத்தால் சொல்கிறேன்.

இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் முதல் செமஸ்டர் பட்டியல் கைக்கு வந்த அன்றைக்கே, பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து, பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தப்பு இருந்தால் கல்லூரி அலுவலகத்திலேயே எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வணக்கம்.