முதல் நாளிலேயே சர்வருக்குள் விடுவார்களா? ஃபெடோராவில் தன்னார்வக் கணினி நிர்வாகியாகச் சேர்வது எப்படி

வணக்கம் நண்பர்களே. லினக்ஸ் பற்றி நான் போடும் காணொளிகளுக்குக் கீழே ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "எனக்கு நிரல் எழுதுவதைவிட சர்வர் வேலையில்தான் ஆசை. திறமூலத் திட்டங்களில் என்னைப் போன்றவர்களுக்கு இடம் உண்டா? ஊர் பேர் தெரியாத ஒருவனை நம்பி யார் சர்வரைத் திறந்துவிடுவார்கள்?" மிகவும் நியாயமான கேள்வி. பொதுவாகப் பேசினால் பிடிபடாது என்பதால் இன்று ஒரே ஒரு திட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: லினக்ஸ் இயங்குதள வகைகளில் ஒன்றான ஃபெடோரா லினக்ஸ்.

முதலில், அங்கே என்னதான் ஓடுகிறது என்று பார்த்துவிடலாம். ஃபெடோராவின் முதல் வெளியீடு 2003 நவம்பரில் வந்தது. இப்போது ஆண்டுக்கு இரண்டு பதிப்புகள். அவற்றுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான மென்பொருள் பொதிகளை உருவாக்கித் தரும் கோஜி, புதுப்பித்தல்களைச் சோதனைக்கு விட்டு வெளியிடும் போதி, பங்களிப்பாளர் கணக்குகள், ஆவணங்கள், உலகெங்கும் உள்ள கண்ணாடித் தளங்களை (பதிவிறக்கத்துக்கான நகல் சர்வர்களை) ஒருங்கிணைக்கும் சேவை என்று பெரிய கூட்டமே ஓடிக்கொண்டிருக்கிறது. 2025இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருந்த தரவு மையத்தைக் காலிசெய்து வட கரோலைனாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். முக்கிய நிர்வாகிகள் பலருக்கு ரெட் ஹேட் நிறுவனம் சம்பளம் கொடுக்கிறது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களுக்குப் பக்கத்திலேயே தன்னார்வலர்களும் வேலை செய்கிறார்கள், அதற்கென்று ஒரு வழியும் போட்டு வைத்திருக்கிறார்கள்.

சரி, இப்போது திரையைப் பாருங்கள். இது ஃபெடோராவின் ஆன்சிபிள் களஞ்சியம். கோப்பில் எழுதியபடி சர்வர்களைத் தானாக அமைக்கும் கருவிதான் ஆன்சிபிள். எந்த சர்வர் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பது முழுக்க இதில் எழுதப்பட்டிருக்கிறது. நான் எங்கும் உள்நுழையவில்லை, எந்த அனுமதியும் வாங்கவில்லை. நீங்களும் இப்போதே நகலெடுத்துப் படிக்கலாம். இன்வென்டரி என்ற அடைவுக்குள் போகிறேன். அதற்குள் குழு வாரியான கோப்புகள். ஒன்றைத் திறக்கிறேன். இந்த வகை சர்வருக்கு எவ்வளவு நினைவகம், எத்தனை செயலிகள், எந்தெந்தப் போர்ட் திறந்திருக்க வேண்டும், எல்லாம் வரிசையாக இருக்கின்றன. கொஞ்சம் கீழே வாருங்கள். இந்த சர்வரின் வேலை என்ன, வேறு எந்த சர்வர்களை இது நம்பியிருக்கிறது என்று ஆளுக்குப் புரியும் வாக்கியத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு பெரிய நிறுவனங்களில் சர்வர் பார்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், இப்படி ஒரு குறிப்பு அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறதா என்று!

இதே கோப்பில்தான் உங்கள் கேள்விக்கான பதிலும் இருக்கிறது. ஐபிஏ கிளையன்ட் ஷெல் குரூப்ஸ் என்று ஒரு பட்டியல், ஐபிஏ கிளையன்ட் சுடோ குரூப்ஸ் என்று இன்னொரு பட்டியல். முதலாவது, இந்த சர்வருக்குள் யாரெல்லாம் நுழையலாம் என்பது. இரண்டாவது, நுழைந்தவர்களில் யாரெல்லாம் நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளை இடலாம் என்பது. முதல் பட்டியலில் எஃப்ஐ-அப்ரெண்டிஸ் என்ற தொழிற்பழகுநர் குழுவின் பெயர் இருக்கிறது, பார்த்தீர்களா? இரண்டாவது பட்டியலில் தேடிப் பாருங்கள், இல்லை. அவ்வளவுதான் சூட்சுமம். உள்கட்டமைப்புக் குழுவின் தொழிற்பழகுநராகச் சேர்பவர் இப்படிப் பெரும்பாலான சர்வர்களுக்குள் போகலாம். பதிவுக் கோப்புகளில் அனைவருக்கும் திறந்திருப்பவற்றைப் படிக்கலாம், எந்தச் செயல்முறை ஓடுகிறது, வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்கலாம். எதையும் மாற்ற முடியாது. மாற்ற வேண்டும் என்று தோன்றினால் களஞ்சியத்தில் புல் ரிக்வெஸ்ட், அதாவது என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை, போட வேண்டும். அதிகாரம் உள்ள ஒருவர் அதைப் படித்து, சரி என்று பட்டால் ஏற்றுக்கொண்டு, தானே ஓடவிடுவார்.

கல்யாண வீட்டுச் சமையலுக்கு வந்த புது ஆளிடம் முதல் நாளே சாம்பார் அண்டாவை ஒப்படைக்க மாட்டார்கள். அதற்காக அவரை அடுப்படிக்கு வெளியே நிறுத்தி வைப்பதும் இல்லை. காய் நறுக்கிக்கொண்டே தலைமைச் சமையல்காரரின் கையைக் கவனிக்கலாம். ஃபெடோரா செய்திருப்பதும் இதுதான். பார்ப்பதற்கான கதவு அகலமாகத் திறந்திருக்கிறது, மாற்றுவதற்கான கதவு குறுகலாக இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் திட்டங்கள்தான் புதியவர்களைக் கண்டு பயப்படுகின்றன என்பது என் உறுதியான கருத்து.

பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஃபெடோராவின் வரலாற்றிலேயே இரண்டு சம்பவங்கள் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது 2008 ஆகஸ்ட். குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு கிரான் வேலை பிழை காட்டியது. என்னவென்று பார்த்தால், நிர்வாகிகளுக்குத் தெரியாமல் சர்வரில் மென்பொருள் பொதிகள் மாறியிருக்கின்றன. யாரோ உள்ளே வந்து, தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வசதியைத் தருகிற ஓபன்எஸ்எஸ்ஹெச் பொதியைத் திருத்திக் கட்டி நிறுவியிருந்தார்கள். பொதிகள் உண்மையானவை என்று காட்ட அவற்றுக்கு டிஜிட்டல் கையொப்பமிடும் சர்வர் வரைக்கும் விவகாரம் போய்விட்டது. கையொப்ப விசை திருடப்பட்டதற்கான அடையாளம் கிடைக்கவில்லை. இருந்தாலும் புது விசை உருவாக்கி, எல்லாப் பொதிகளுக்கும் மறுபடி கையொப்பமிட வேண்டி வந்தது. 2009 மார்ச்சில் முழு அறிக்கையை வெளியிட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? நிர்வாகி ஒருவரின் எஸ்எஸ்ஹெச் தனி விசை (சர்வருக்குள் நுழையப் பயன்படும் ரகசியக் கோப்பு), ஃபெடோராவுக்கு வெளியே இருந்த ஒரு கணினியிலிருந்து திருடப்பட்டிருந்தது. அந்த விசைக்குக் கடவுச்சொற்றொடர் போடப்படவில்லை.

இதோ, என் திரையில் இப்போது எஸ்எஸ்ஹெச் விசை உருவாக்கும் கட்டளையைத் தட்டுகிறேன். கடவுச்சொற்றொடர் கேட்கிறது. பக்கத்திலேயே, வேண்டாம் என்றால் வெறுமையாக விடலாம் என்றும் சொல்கிறது. பல பாடக் காணொளிகளில் இந்த இடத்தில் என்டர், இன்னொரு என்டர் என்று தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நீளமாக ஒரு வாக்கியம் போடுங்கள். திறந்த விசையை நினைவில் வைத்துக்கொள்ளும் எஸ்எஸ்ஹெச் ஏஜென்ட் இருக்கும்போது ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்யும் தொல்லையும் கிடையாது. ஒரு திட்டத்தின் சர்வருக்குள் போகும் விசையை வைத்திருப்பவர், அந்த மென்பொருளைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருடைய பாதுகாப்பையும் கையில் வைத்திருக்கிறார்.

இரண்டாவது சம்பவம் 2011 ஜனவரி 22. பங்களிப்பாளர் ஒருவருக்கு, "உங்கள் கணக்கு விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன" என்று கணக்கு அமைப்பிலிருந்து தானியங்கி மின்னஞ்சல் வருகிறது. அவரோ எதையும் மாற்றவில்லை. உடனே உள்கட்டமைப்புக் குழுவிடம் தெரிவிக்கிறார். அவருடைய கடவுச்சொல் வேறெங்கோ பறிபோயிருந்தது. ஊடுருவியவர் எஸ்எஸ்ஹெச் விசையை மாற்றி, பங்களிப்பாளர்களுக்கான பொது சர்வர் ஒன்றில் நுழைந்திருந்தார். அந்தக் கணக்கு எந்த நிர்வாகிக் குழுவிலும் இல்லை. வெளியீட்டுக் குழுவிலும் இல்லை. சில பொதிகளில் மாற்றம் செய்யும் உரிமை அதற்கு இருந்தது. ஆனால் எதுவும் மாற்றப்படவில்லை, எதுவும் கட்டப்படவில்லை என்று தணிக்கையில் தெரிந்தது. மூன்றே நாட்களில், 25ஆம் தேதி, நடந்ததைப் பகிரங்கமாக அறிவித்தார்கள்.

பறிபோனது எவருடைய விசை, அந்த விசைக்கு எத்தனை கதவுகள் திறக்கும் என்பதில்தான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. 2008இல் நிர்வாகியின் விசை போனதால் விஷயம் அடிவேர் வரை போனது. 2011இல் ஊடுருவியவர் வாசல் திண்ணையோடு நின்றுவிட்டார், ஒரு தானியங்கி மின்னஞ்சல் அவரைக் காட்டிக்கொடுத்தது. ஆகவே ஒரு தொழிற்பழகுநரின் மடிக்கணினி நாளை திருட்டுப் போனாலும் திட்டம் கவிழ்ந்துவிடாது. அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், சுடோ அதிகாரம் உள்ளவர்களுக்குக் கடவுச்சொல்லோடு ஒருமுறைக் குறியீடும் கட்டாயம்.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். ஃபெடோரா கணக்கு ஒன்று தொடங்குங்கள். குழுவின் மேட்ரிக்ஸ் அரட்டை அறையில் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். என்ன தெரியும், எதில் ஆர்வம், வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும் என்று நாலு வரி போதும். வாராந்திரக் கூட்டமும் எழுத்து அரட்டையாகவே நடக்கிறது. ஆங்கிலம் பேசத் தயங்கும் நண்பர்களே, இது உங்களுக்குப் பெரிய வசதி. யோசித்து எழுதலாம், புரியாததை மறுபடி படிக்கலாம். கூட்டத்தின் தொடக்கத்திலேயே புதியவர்கள் அறிமுகத்துக்கு இடம் வைத்திருக்கிறார்கள்.

பிறகு, எளிதான வேலைகள் என்று அடையாளமிட்ட டிக்கெட்டுகளை, அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் பதிவுகளை, பாருங்கள். எடுத்த எடுப்பில் கோஜியைச் சீரமைக்கப் போக வேண்டாம். நான் பரிந்துரைப்பது ஆவணங்களை. ஒவ்வொரு சேவைக்கும் செயல்முறைக் கையேடு இருக்கிறது. அதில் மூடப்பட்ட சர்வரின் பெயர் இருக்கலாம், எப்போதோ மாறிப்போன கட்டளை இருக்கலாம். பழைய ஆட்களின் கண்ணுக்கு அது தெரியாது, அவர்கள் கையேட்டைப் பார்க்காமலேயே வேலையை முடித்துவிடுவார்கள். வரிக்கு வரி செய்துபார்ப்பது புதிதாக வந்தவர்தான். எந்த வரியில் இடறினீர்களோ அந்த வரியைத் திருத்தி அனுப்புங்கள். அடுத்து வருபவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

சர்வர்களுக்குள் போகும்போது நேரடியாகப் போக முடியாது. முதலில் பாஸ்டியன் என்ற நுழைவாயில் சர்வர், அதன் வழியாகத்தான் மற்றவை. எஸ்எஸ்ஹெச் அமைவுக் கோப்பில் பிராக்ஸிஜம்ப் என்ற ஒரே வரியில் இதை அமைத்துவிடலாம். ஆன்சிபிள் ஓடுகிற சர்வருக்கு பேட்கேவ் என்று பெயர். ஆம், பேட்மேனின் குகைதான். கடவுச்சொற்கள் இருக்கும் தனிக் களஞ்சியமும் அங்கேதான். பொதுக் களஞ்சியத்தை அவ்வளவு துணிச்சலாக உலகத்துக்கே திறந்து வைத்திருப்பதற்குக் காரணம், ரகசியங்களை முன்கூட்டியே அதிலிருந்து பிரித்துவிட்டதுதான்.

புதியவர்கள் மனம் உடைந்துபோகும் இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் புல் ரிக்வெஸ்ட் அனுப்புகிறீர்கள், நாட்கள் ஓடுகின்றன, ஒருவரும் தொடவில்லை. உதாசீனம் செய்கிறார்கள் என்று தோன்றும். தேதியைப் பாருங்கள். பீட்டா எனும் சோதனை வெளியீட்டுக்கு முன்பும் இறுதி வெளியீட்டுக்கு முன்பும் ஃபெடோரா உள்கட்டமைப்பை உறைநிலையில் வைப்பார்கள். அந்த நாட்களில் ஒரு சிறு மாற்றத்துக்கும் இரண்டு பேர் ஒப்புதல் தர வேண்டும். மூத்த நிர்வாகிகளுக்கும் அதே விதிதான். உறைநிலை முடிந்ததும் அரட்டை அறையில் மரியாதையாக ஒரு முறை நினைவூட்டுங்கள், தப்பே இல்லை. வரவேற்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உறைநிலை பற்றிய விவரத்தைப் புதியவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒரு வரியில் முடியும் விஷயத்துக்காக நல்ல ஆட்களை இழக்காதீர்கள்.

"எக்ஸ்இசட் விவகாரத்துக்குப் பிறகும் முன்பின் தெரியாதவர்களைச் சேர்க்கலாமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். 2024 மார்ச் 29 அன்று வெளிவந்தது அது. எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை வினாடி அளவுக்குத் தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர் தோண்டிப் பார்க்க, எக்ஸ்இசட் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு, அதாவது ரகசியமாக உள்ளே நுழையும் வழி, இருப்பது தெரிந்தது. ஃபெடோராவின் ராஹைட் எனும் வளர்ச்சிநிலைக் கிளைக்கும் ஃபெடோரா 40 பீட்டாவுக்கும்கூட அது வந்துவிட்டிருந்தது. பின்கதவை வைத்தவர், புனைபெயரில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்து நம்பிக்கை சம்பாதித்தவர்.

என் பதில்: சேர்க்க வேண்டும், இன்னும் அதிகமாகச் சேர்க்க வேண்டும். எக்ஸ்இசட் திட்டத்தை நெடுங்காலமாகத் தாங்கிக்கொண்டிருந்தது சோர்ந்துபோன ஒரே ஒரு மனிதர். மாற்று ஆள் இல்லாததால்தான் உதவிக்கு வந்த ஒருவருக்கு வெளியீட்டு அதிகாரம் வரை போய்ச் சேர்ந்தது. பின்கதவை இயக்கிவைக்கும் துண்டு, மாற்றங்களின் வரலாற்றோடு நிரலை வைத்திருக்கும், எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்கென்று தனியாகக் கட்டிய கோப்பில் இருந்தது. எவரும் பார்க்காத இடமாகத் தேடித்தான் ஒளித்தார்கள். மாற்றும் அதிகாரம் இல்லாத, ஆனால் பார்க்கும் உரிமை உள்ள கண்கள் நிறைய வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

சிறிய திறமூலத் திட்டம் நடத்துபவர்களும் இந்தக் காணொளியைப் பார்ப்பீர்கள். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு வாடகை சர்வராக இருக்கலாம். அதன் அமைவை ஒரு களஞ்சியத்தில் எழுதி வையுங்கள், கடவுச்சொற்களை வெளியே எடுங்கள், பிறகு அதைப் பொதுவில் விடுங்கள். கவனம்: கடவுச்சொல் ஒருமுறை கிட்டுக்குள் போய்விட்டால் கோப்பை அழித்தாலும் வரலாற்றில் இருக்கும். அந்தக் கடவுச்சொல்லையே மாற்றியாக வேண்டும்.

கடைசியாக, விலகுவது பற்றி. படிப்பு, வேலை, குடும்பம் என்று எல்லோருக்கும் நேரம் இல்லாமல் போகும். ஃபெடோராவில் மாதம் ஒருமுறை தொழிற்பழகுநர்களுக்கு மடல் அனுப்பி நலம் விசாரிக்கும் வழக்கம் பல ஆண்டுகள் இருந்தது. பதில் வராதவர்களைக் குழுவிலிருந்து நீக்கினார்கள், திரும்பி வந்து கேட்டால் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். தண்டனை என்று எவரும் அதை நினைக்கவில்லை. உபயோகத்தில் இல்லாத கணக்கு திறந்து கிடப்பது ஆபத்து, அவ்வளவுதான். அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே எழுதிவிட்டால் இன்னும் நல்லது.

இன்று தட்டிக் காட்டிய கட்டளைகளையும் பிராக்ஸிஜம்ப் அமைவையும் காணொளிக்குக் கீழே கொடுத்திருக்கிறேன். அடுத்த காணொளியில் இந்தக் களஞ்சியத்திலிருந்தே, ஆன்சிபிள் செய்ய வேண்டிய வேலைகளை எழுதிய ஒரு பிளேபுக்கை எடுத்து, மேலிருந்து கீழ் வரை சேர்ந்து படிக்கலாம். அதற்குள் களஞ்சியத்தை நகலெடுத்து வைத்துவிடுங்கள், அளவில் பெரியது, கொஞ்ச நேரம் எடுக்கும்.