மொய் நோட்டும் எக்செல் தாளும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"இன்றைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவுவது புள்ளிவிவரமா, மானிடவியலா?" என்பது தலைப்பு. மக்களோடு தங்கிப் பழகி அவர்கள் வாழ்க்கையைப் படிக்கிற துறை மானிடவியல்; நான் அதன் பக்கம் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய தம்பி மூன்று குண்டுகளை வீசிவிட்டுப் போயிருக்கிறார். கோடிப் பேரின் தகவல் கையில் இருக்கும்போது, ஒரே ஊரில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர் எதைக் கண்டுபிடித்துவிடுவார் என்றார். பெற்ற தாயைவிடக் கைப்பேசிக்குத்தான் நம்மை நன்றாகத் தெரியும் என்றார். கடைசியாக, உங்கள் துறை வெள்ளைக்காரன் காலத்தில் மூக்கை அளந்த துறைதானே என்றார். அதற்குத்தான் கைதட்டல் பலமாக விழுந்தது. அதனால் மூக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

அளந்தது உண்மை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கருவியை வைத்து மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் கொண்டுவந்தார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ரிஸ்லி இன்னும் ஒரு படி மேலே போய், மூக்கு அகல அகலச் சமூக நிலை தாழ்கிறது என்று விதியே எழுதிவிட்டார். அது எங்கள் துறை செய்த பாவம். மூடி மறைக்க நான் வரவில்லை. ஆனால் நடுவர் அவர்களே, ஒரு மனிதனை எதிரே நிறுத்தி, மூக்கை மில்லிமீட்டரில் குறித்து, அட்டவணை போட்டு, சராசரி எடுத்து, அதை வைத்து அவன் யார் என்று முடிவுகட்டுவது எந்த அணியின் வேலை? அந்த ஏழு தொகுதிகளை இன்றைக்கும் யாராவது புரட்டுகிறார்கள் என்றால், மக்களிடம் விசாரித்து எழுதிய வழக்கங்களுக்காகப் புரட்டுகிறார்கள். மூக்கின் அளவுக்காக யாரும் அதைத் தேடிப் போவதாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது பாய்க்கு வருவோம்.

என் பெரியப்பா பேராவூரணிப் பக்கம். ஒருநாள் கணக்கெடுக்க வந்த பையன், "கடன் ஏதும் இருக்கா ஐயா?" என்று கேட்டான். "ஒரு பைசா கிடையாது" என்றார் பெரியப்பா. பொய் இல்லை. வங்கியிலும் கடன் இல்லை, வட்டிக்கடையிலும் இல்லை. பையன் சைபரைத் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான். உள்ளே பீரோவில், துணியில் சுற்றி, நகைக்குப் பக்கத்தில் மொய் நோட்டு இருந்தது. அதைத் திறந்தால் பெரியப்பா யார் யாருக்கு எவ்வளவு செய்தாக வேண்டும் என்பது பக்கம் பக்கமாக இருக்கும்.

அந்தப் பக்கம், கீரமங்கலம், வடகாடு எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஆடி பிறந்தால் மொய் விருந்து. கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை, விருந்துதான் விசேஷமே. பல வீடுகள் சேர்ந்து ஒரே பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, வீட்டுக்கு ஒரு மேசை வைத்து மொய் எழுதுவார்கள். பணம் எண்ண இயந்திரம் வைத்த பந்தல்களும் உண்டு. எதிரணி இதை "வட்டியில்லாக் கடன்" என்று ஒரே வரியில் முடித்துவிடும். கடன்தான். ஆனால் பத்திரம் எங்கே? ஜாமீன் கையெழுத்து எங்கே?

மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1925இல் கொடை பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அவர் எந்த ஊரிலும் பாய் விரித்தவர் இல்லை. மற்றவர்கள் விரித்து எழுதியதையெல்லாம் படித்தவர். பசிபிக் தீவுகளிலும் வட அமெரிக்கப் பழங்குடிகளிடமும் அவர் பார்த்தது இதுதான்: கொடுத்தாக வேண்டும், கொடுத்தால் வாங்கியாக வேண்டும், வாங்கினால் திருப்பியாக வேண்டும். பெரியப்பாவுக்கு மோஸைத் தெரியாது. ஆனால் ஐயாயிரம் வாங்கிய இடத்தில் சரியாக ஐயாயிரத்தை மட்டும் திருப்பி வைத்தால் "கணக்கை முடிச்சிக்கிட்டான்" என்று ஊர் சொல்லும் என்பது அவருக்குத் தெரியும். உறவு வேண்டுமென்றால் மேலே கொஞ்சம் சேர்த்து வைக்க வேண்டும். அதாவது கடன் தீரக் கூடாது. கடன் தீராமல் இருப்பதற்காகப் பணம் கட்டுகிற மனிதரை உங்கள் எக்செல் தாளில் எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

சரி, மொய் சின்ன விஷயம், உயிர்ப் பிரச்சினை என்று வந்தால் எண்தானே வேண்டும் என்பீர்கள். வாருங்கள், 2014க்குப் போவோம். மேற்கு ஆப்பிரிக்கா. கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்று நாடுகளிலும் எபோலா. எண்ணுக்குப் பஞ்சமே இல்லை. இறந்தவரின் உடலில்தான் கிருமி மிக அதிகம். கினியில் ஏறத்தாழ 60 சதவீதத் தொற்று, இறுதிச் சடங்குகளோடு தொடர்புடையது என்று ஆகஸ்ட் மாதமே கணக்குச் சொல்லியது. கணக்கு சரி. அதை வைத்து என்ன செய்தார்கள்? தலைமுதல் கால்வரை வெள்ளை உடை மாட்டிய ஆட்கள் வண்டியில் வந்தார்கள், உடலைப் பையில் போட்டார்கள், கொண்டுபோனார்கள். லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில், இறந்தவர்களையெல்லாம் எரிக்கச் சொல்லி அரசே உத்தரவு போட்டது.

மக்கள் நோயாளிகளை வீட்டுக்குள் ஒளித்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாக அடக்கம் செய்தார்கள். கினியின் வோமே கிராமத்தில் விழிப்புணர்வு ஊட்டப் போன குழுவில் எட்டுப் பேரைக் கொன்றே போட்டார்கள். அறியாமை, மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை முடிந்தது. மானிடவியலாளர்கள் போய் உட்கார்ந்து கேட்டார்கள்: எரித்தால் என்ன?

லைபீரியாவில் மார்ச் மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை அரசு விடுமுறை. குடும்பத்தோடு கல்லறைக்குப் போய், புல் பிடுங்கி, வெள்ளையடித்து, பூ வைக்கிற நாள். எரித்துவிட்டால் அந்தப் புதன்கிழமை எங்கே போவது? நமக்குச் சாம்பலைக் கொண்டுபோய்க் கரைக்க ஆறு இருக்கிறது, கடல் இருக்கிறது, அதற்கென்று மந்திரம்கூட இருக்கிறது. அவர்களுக்கு அந்த வழியே பழக்கமில்லை. அப்புறம், கழுவிக் குளிப்பாட்டாமல் அனுப்பினால் போனவர் முன்னோர்களோடு போய்ச் சேரமாட்டார் என்ற கவலை. பெற்ற தாயை அப்படி நடுவழியில் விட்டுவிட்டு வர யாருக்கு மனசு வரும்? 2020இல் தகப்பன் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியாமல் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள் இந்த அரங்கத்திலும் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நவம்பர் 2014இல் உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யும் முறையை மாற்றி எழுதியது. மானிடவியலாளர்களையும், இஸ்லாமிய, கிறித்துவ அமைப்புகளையும் உட்கார வைத்துக்கொண்டு எழுதியது. குடும்பம் சம்மதிக்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது. உறவினர் தள்ளி நின்று பார்க்கலாம். இமாமோ பாதிரியாரோ தொழுகை, ஜெபம் நடத்தலாம். தண்ணீர் விட்டுக் கழுவ முடியாத இடத்தில் 'தயம்மும்' என்கிற, தண்ணீரில்லாமல் மண்ணைக் கொண்டு செய்யும் இஸ்லாமியத் தூய்மைச் சடங்கைச் செய்யலாம். குழி தோண்டுவது வீட்டார் விருப்பம், குழியின் மேல் பெயர்ப்பலகை உண்டு. டிசம்பர் கடைசியில் மன்ரோவியாவுக்கு வெளியே டிஸ்கோ ஹில் என்ற இடத்தில் புது இடுகாடு திறந்தார்கள், எரிப்பது நின்றது. பெயர்ப்பலகை என்ன கிருமிநாசினியா? மருத்துவப்படி அதற்கு மதிப்பெண் சைபர்தான். ஆனால் அடுத்த வீட்டுக்காரர் தன் வீட்டுச் சாவை மறைக்காமல் வந்து சொன்னதற்கு அந்தப் பலகையும் ஒரு காரணம்.

நிலைமை மாறாவிட்டால் 2015 ஜனவரிக்குள் லைபீரியாவிலும் சியரா லியோனிலும் 14 லட்சம் பேர்வரை பாதிக்கப்படலாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் கணித்திருந்தது. நோய் ஓய்ந்தபோது மூன்று நாடுகளிலும் சேர்த்துப் பாதிப்பு ஏறத்தாழ 28,600, இறப்பு 11,300. கணக்கைக் கேலி செய்யவில்லை. "மாறாவிட்டால்" என்றுதான் அது சொன்னது. படுக்கைகள் வந்தன, மருத்துவர்கள் வந்தார்கள், அதெல்லாம் உண்மை. மக்களும் மாறினார்கள். அவர்களை எது மாற்றும் என்று கண்டறிய அங்கே போய் உட்காரத்தான் வேண்டியிருந்தது.

கைப்பேசி ஒன்று பாக்கி. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் டேனியல் மில்லர் தலைமையில் ஒன்பது மானிடவியலாளர்கள், ஒன்பது ஊர்களில், ஆளுக்கு 15 மாதம் தங்கி, மக்கள் சமூக ஊடகத்தில் என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். அதில் ஒன்று சென்னைக்கு வெளியே, "பஞ்சகிராமி" என்று மறைபெயர் வைத்த பகுதி. இங்கிலாந்துக் கிராமத்துக்காரர்கள், மனிதர்களை ரொம்ப நெருங்கவும் விடாமல் ரொம்ப விலகவும் விடாமல் அளவான தூரத்தில் வைத்துக்கொள்ள சமூக ஊடகத்தைப் பயன்படுத்தினார்கள். சீனத் தொழிற்சாலை ஊரில், கிராமத்திலிருந்து வந்த இளைஞர்கள் தாங்கள் கனவு கண்ட நவீன வாழ்க்கையை அதற்குள்தான் வாழ்ந்தார்கள். செலவழித்த நிமிடங்கள் எத்தனை என்று மட்டும் எண்ணியிருந்தால் இரண்டு ஊரும் ஒன்றாகத்தான் தெரியும்.

எங்கள் அத்தை தினமும் காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் முருகன் படம் அனுப்புவார். கைப்பேசியின் கணக்கில் அது பலமுறை முன்னனுப்பப்பட்ட செய்தி. ஒருநாள் படம் வரவில்லை என்றால் சிங்கப்பூரிலிருந்து மகள் கூப்பிடுவாள்: "அம்மா, உடம்பு சரியில்லையா?"

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். அரை நிமிடம் கொடுங்கள். நாம் ஜெராக்ஸ் ஜெராக்ஸ் என்கிறோமே, அந்தக் கம்பெனியில் 1980களில் ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர், இயந்திரம் பழுதுபார்ப்பவர்களோடு கூடவே சுற்றினார். சாப்பிடும் நேரத்தில் அவர்கள் உட்கார்ந்து கதை பேசினார்கள். மேலாளரின் கணக்கில் அது வீண்பொழுது. காதுகொடுத்துக் கேட்டால், கையேட்டில் இல்லாத பழுதுகளை எப்படிச் சரிசெய்தோம் என்ற கதைகள். பிறகு அந்தக் கம்பெனியே அப்படிப்பட்ட அனுபவக் குறிப்புகளைத் திரட்டி வைக்க ஓர் ஏற்பாடு செய்தது.

இதோ, மணி அடித்தே விட்டார். எதிரணித் தலைவர் வரும் ஆவணியில் பேத்திக்குக் காதுகுத்து வைத்திருக்கிறார், பத்திரிகையும் கொடுத்துவிட்டார். என்ன மொய் வைப்பது என்று அவர் அணியின் கணினியைக் கேட்கலாம்தான். நான் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நோட்டை எடுக்கச் சொல்லப் போகிறேன். வணக்கம்.