தசைக்குள்ள தேங்குற கொழுப்பு

வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் சென்னையில ஒரு மருத்துவக் கல்லூரியில உடலியங்கியல் பாடம் நடத்துறேன். தொப்பையைப் பத்தி நிறைய பேர் பேசிட்டாங்க, நான் பேச வந்தது கண்ணுக்குத் தெரியாத ஒரு கொழுப்பைப் பத்தி, தசைக்குள்ளயே இருக்கறது.

எங்க அப்பாவுக்கு 46 வயசுல சுகர்னு சொன்னாங்க. ஆளு ரொம்ப ஒல்லி, பெல்ட்டுக்குத் தனியா ஓட்டை போட்டுத்தான் கட்டுவாரு. பாரிமுனையில ஆபீஸ், காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நாற்காலிதான், வீட்டுக்கு வந்தா டிவி முன்னாடி இன்னொரு நாற்காலி. பாக்க வந்த சொந்தக்காரங்க அத்தனை பேரும் "இவ்ளோ ஒல்லியா இருக்கீங்க, உங்களுக்கு எப்படிங்க சுகர்"னு கேட்டாங்க. அவருகிட்ட பதில் இல்ல, அப்ப காலேஜ்ல படிச்சிட்டிருந்த என்கிட்டயும் இல்ல.

நாம இட்லியோ சோறோ சாப்பிட்டா ரத்தத்துல சர்க்கரை ஏறும், அது எங்கயாவது போய்ச் சேரணும் இல்லையா, அதுல பெரிய பங்கு வாங்கிக்கறது தசைதான். இன்சுலினை ட்ரிப்ஸ்ல ஏத்தி சோதனை பண்றப்ப கிட்டத்தட்ட 80 சதவீத சர்க்கரை தசைக்குத்தான் போகுது. இன்சுலின் வந்து வாசல்ல பெல் அடிக்கும், அந்த சத்தம் ஒயர் வழியா உள்ள போனதும் க்ளூட் 4னு ஒரு புரதம் செல்லோட விளிம்புக்கு வந்து சர்க்கரையை உள்ள விடும். தசைக்குள்ள கொழுப்பு அதிகமாச்சுன்னா அதுலேர்ந்து வர்ற டயசைல்கிளிசரால், செராமைடு மாதிரி பொருளெல்லாம் இந்த ஒயரைக் கெடுத்துடுது (இதுல எது பெரிய குற்றவாளின்னு விஞ்ஞானிங்க இன்னும் வாதாடிக்கிட்டுத்தான் இருக்காங்க). இன்சுலின் பெல் அடிச்சுட்டே இருக்கும், உள்ள யாருக்கும் கேக்காது, கணையம் இன்னும் இன்னும்னு சுரந்து ஒரு கட்டத்துல அதுவும் களைச்சுப் போயிடும்.

2004-ல அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. அப்பா அம்மாவுக்கு டைப் 2 சுகர் இருக்கற இளவயசுக்காரங்க, ஆனா ஒல்லி, அவங்களுக்கு இன்னும் சுகர் வரல. அவங்கள்ல இன்சுலினுக்கு சரியா மசியாதவங்களை எடுத்து தசையை ஸ்கேன் பண்ணிப் பாத்தா, மத்தவங்களைவிட செல்லுக்குள்ள சுமார் 80 சதவீதம் அதிகக் கொழுப்பு, அதை எரிக்கற மைட்டோகாண்ட்ரியாவோட வேலையும் சுமார் 30 சதவீதம் கம்மி. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்துச்சு.

அப்போ தசையில கொழுப்பே இருக்கக்கூடாதான்னு கேப்பீங்க. இங்கதான் விஷயம் இருக்கு. 2001-ல பிட்ஸ்பர்க்ல நீண்ட தூரம் ஓடுறவங்க தசையைப் பாத்தாங்க, அதுலயும் கொழுப்பு ஏராளம், சுகர் நோயாளிங்க அளவுக்கே, ஆனா இன்சுலின் அவங்க உடம்புல அருமையா வேலை செய்யுது. நம்ம ஊர் சம்ப்பை நினைச்சுப் பாருங்க, தினமும் இறைச்சு தினமும் ரொப்புனா தண்ணி நல்லா இருக்கும், அதையே மாசக்கணக்கா தொடாம விட்டா நாத்தமடிச்சு கொசு வரும், தண்ணி மேல தப்பு இல்ல. ஓடுறவங்க தசையில கொழுப்பு சின்னச் சின்ன துளியா மைட்டோகாண்ட்ரியா பக்கத்துலயே இருக்கும், தினமும் எரியும், தினமும் சேரும். அப்பாவோடது தேங்கிக் கிடந்திருக்கும்னுதான் நான் நினைக்கறேன்.

இன்னொன்னு, தசை சுருங்கி விரியறப்ப இன்சுலின் பெல் அடிக்காமலே க்ளூட் 4 விளிம்புக்கு வந்துடும், அது தனி ஒயர். ஒரு தடவை நல்லா உடற்பயிற்சி பண்ணா ஒரு நாள், சில சமயம் ரெண்டு நாள் வரைக்கும் தசை இன்சுலினுக்கு நல்லா மசியும், அப்புறம் பழையபடி ஆயிடும். அதனாலதான் ஞாயித்துக்கிழமை மட்டும் பெசன்ட் நகர் பீச்சுல ரெண்டு மணி நேரம் நடக்கறவங்ககிட்ட, அதைக் கொஞ்சம் பிரிச்சு வாரம் முழுக்கப் போடுங்கன்னு கெஞ்சிக் கேப்பேன்.

நம்ம சென்னை டாக்டருங்க நடத்தின இந்திய நீரிழிவு தடுப்பு ஆய்வு 2006-ல வெளிவந்துச்சு. சுகர் வரப்போற நிலையில இருந்தவங்களுக்கு நடையும் சாப்பாட்டு மாற்றமும் சொல்லிக் குடுத்தாங்க, சுகர் வர்ற ஆபத்து 28.5 சதவீதம் குறைஞ்சுது, இத்தனைக்கும் அவங்க எடை பெருசா குறையவே இல்ல! வெயிட் மெஷின்ல முள்ளு நகரலன்னு நடக்கறதை நிறுத்திடறவங்க எத்தனை பேரு, எனக்கு அதை நினைச்சாத்தான் மனசு ஆறல.

அப்பா 50 வயசுக்கு மேலதான் ராத்திரி சாப்பிட்டதும் தெருவுல நடக்க ஆரம்பிச்சாரு, வீட்டுலேர்ந்து பிள்ளையார் கோயில் வரைக்கும், திரும்ப, மறுபடியும் ஒரு தடவை. ஆறு மாசத்துல சாப்பாட்டுக்கு அப்புறம் பாக்கற சுகர் இறங்குச்சு, டாக்டரே மாத்திரையைக் குறைச்சாரு, எடை அதே எடைதான். ஏற்கெனவே இன்சுலின் போடறவங்க, சில வகை சுகர் மாத்திரை சாப்பிடறவங்க மட்டும் நடையைக் கூட்டறதுக்கு முன்னாடி உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, சுகர் திடீர்னு இறங்கலாம், சட்டைப் பையில ரெண்டு சர்க்கரை மிட்டாய் வெச்சுக்கோங்க. அப்பா பையில எப்பவும் தேன்மிட்டாய் இருக்கும். வணக்கம்.