சராசரி வருமானம் முடிவிலி! இந்த ஆட்டத்துக்கு எவ்வளவு கட்டணம் தருவீர்கள்?

வணக்கம்! ஓர் ஆட்டம். தலை விழும்வரை நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் தடவையே தலை விழுந்தால் 1 ரூபாய். இரண்டாவதில் விழுந்தால் 2, மூன்றாவதில் 4, நான்காவதில் 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும். நுழைவுக் கட்டணமாக எவ்வளவு தருவீர்கள்? வீடியோவை நிறுத்தி, கமெண்டில் ஒரு தொகையைப் போட்டுவிட்டு வாருங்கள்.

போட்டாச்சா? சரி. 1713இல் கணிதவியலாளர் நிக்கோலஸ் பெர்னூலி ஒரு கடிதத்தில் கிளப்பிய புதிரின் எளிய வடிவம் இது. அவருடைய சித்தப்பா மகன் டேனியல் 1738இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாடமி வெளியீட்டில் இதை அலசியதால் அந்த ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது.

ஆட்டத்தின் முடிவை ஓர் எண்ணாக மாற்றும் விதிதான் சமவாய்ப்பு மாறி. இங்கே கைக்கு வரும் பணம்தான் அந்த எண். ஒவ்வொரு தொகையையும் அதன் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால் எதிர்பார்ப்பு மதிப்பு. 1 ரூபாய் பெருக்கல் 1/2, அரை. 2 பெருக்கல் 1/4, அதுவும் அரை. 4 பெருக்கல் 1/8, மறுபடி அரை! கூட்டல் ஓயவே ஓயாது, அதாவது சராசரி வருமானம் முடிவிலி. அப்படியென்றால் எவ்வளவு கட்டணமும் தரலாமே? ஆனால் யாரும் பெரிய தொகை தரமாட்டார்கள். அதுதான் புதிர்!

[திரையில்: புஃபோனின் அட்டவணை]

இனி வருவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிஞர் புஃபோன் ஒரு குழந்தையைச் சுண்டவைத்து 2048 ஆட்டங்கள் ஆடிப் பார்த்தார். மொத்தம் கிடைத்தது 10,057 நாணயங்கள். ஓர் ஆட்டத்துக்கு ஐந்துகூட வரவில்லை! ஆனால் அட்டவணைக்குள் பாருங்கள். 1061 ஆட்டங்கள் முதல் சுண்டிலேயே முடிந்து, ஆட்டத்துக்கு 1 நாணயம், ஆக 1061. 256 நாணயம் தந்தவை வெறும் 6 ஆட்டங்கள். ஆனால் அவற்றின் தொகை 1536. ஆயிரத்துச் சொச்ச ஆட்டங்களை ஆறே ஆட்டங்கள் முந்திவிட்டன! நடுவில் உள்ள வரிசைகளின் தொகைகளும் பெரும்பாலும் ஆயிரத்தை ஒட்டியே நிற்கின்றன. இன்னும் நிறைய ஆடினால் 512, 1024 என்று புது வரிசைகள் சேரும். சராசரி மெல்ல ஏறிக்கொண்டே போகும், எங்கேயும் நிலைக்காது. எவ்வளவு அழகு!

சரி, ஏன் யாரும் பெரிய கட்டணம் தரமாட்டார்கள்? பணம் பெருகப் பெருக அடுத்த ரூபாயின் பயன் குறைகிறது என்பது டேனியலின் பதில். எனக்கு அதைவிட நேரடியான பதில் பிடிக்கும்: ஆட்டம் நடத்துபவரிடம் எவ்வளவு பணம் இருக்கிறது? அதிகபட்சம் 10,48,576 ரூபாய்தான் தர முடியும் என்றால் எதிர்பார்ப்பு மதிப்பு 11 ரூபாய். அவரிடம் 107 கோடிக்கு மேல் இருந்தாலும் 16 ரூபாய்தான்!

அந்த 11 எப்படி வந்தது என்று கண்டுபிடித்தவர்கள் கமெண்டில் வழிமுறையோடு எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன்.